ஞாயிற்றுக்கிழமைத் தாள்

செம்பாக்கம் ஏரிப் பக்கம் போய் லாசரஸ் வீடு எது என்று கேட்டால் மூன்று வீட்டைக் காட்டுவார்கள். டைம் கீப்பர் லாசரஸ் என்று கேட்க வேண்டும். ரயில்வே ஒர்க் ஷாப்பில் பிட்டராக இருந்த ஆரோனுக்கு மூன்றாவது பிள்ளை. முதலாவது பிறந்த வாரமே போய்விட்டது. இரண்டாவது பெண், பல்லாவரத்தில் கட்டிக் கொடுத்தார்கள், அவளும் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். மிஞ்சியது லாசரஸ் ஒருவர்தான். அவர் கட்டியது ஞானஜோதி டீச்சரை. டீச்சருடைய அம்மா ஆரோனுக்குச் சித்தப்பா மகள். ஆக, அத்தை மகள் முறை. ஒரே மகள் ஜென்சி, கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுகிற வேலை. சின்ன வேலைதான். ஆனால் ஐந்து நிமிஷம் பிந்தி வந்த டிரைவர்கள் டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள், கையைப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தார்கள், உன் குடும்பம் விளங்காது என்று சபித்தும் பார்த்தார்கள். வண்டி ஆறு நாற்பதுக்கு வந்தால் தாளில் ஆறு நாற்பதுதான். ஒரு நிமிஷம் கூட்டி எழுத மாட்டார், ஒரு நிமிஷம் குறைத்து எழுத மாட்டார்.

அந்த வேலையில் அவருக்கு ஒரே குறை ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? சொல்லப்போனால் அன்றைக்குத்தான் கூட்டம் படிக்கட்டு வரைக்கும் தொங்கும். ஜென்சிக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடந்த அன்றைக்கும் டூட்டி. மாமனாரை மண்ணுக்குள் வைத்த அன்றைக்கும் டூட்டி. காக்கிச் சட்டையோடு ஓடி வந்து ஒரு பிடி மண் போட்டுவிட்டு ஓடினார். ஓய்வு பெற்ற அடுத்த வாரம் கோயிலில் முழங்கால் போட்டு ஒரு பொருத்தனை செய்தார். இனி உயிர் உள்ளவரை ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையும் செய்வதில்லை. கறி வாங்கக்கூடச் சனிக்கிழமையே போய்விடுவார்.

"சமைக்கிறது மட்டும் வேலை இல்லையாங்க?" என்று டீச்சர் கேட்பார். அதற்கு மட்டும் அவர் வேதப் புத்தகத்தைப் பிரித்துக்கொள்வார்.

இப்படி இருந்தவருக்கு ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் ஒரு வேலை வந்தது. தாம்பரத்துக்குத் தெற்கே பார்க் ரோடு என்று ஒன்று. ஒன்றரை கிலோமீட்டர்தான் நீளம். அதற்குள் ஒரு தண்ணீர்ப் பூங்கா, கண்ணாடிக் குகைக்குள் மீன் விடுகிற காட்சிச் சாலை, ஐஸ் கொட்டி வைத்த குளிர் மண்டபம், தலைகீழாகக் கட்டின வீடு, குதிரை வண்டி, பிரியாணிக் கடைகள் பதினாறு. வெளியூர் ஜனம், உள்ளூர் ஜனம் எல்லாம் வரும். வந்து எங்கே நடப்பது? நடைபாதை என்று ஒன்று பேருக்குக் கூட இல்லை. காருக்கும் காருக்கும் நடுவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புகுந்து புகுந்து போக வேண்டும். வருகிறவர்கள் நிம்மதியாக நடக்கிற ரோடாக இதை ஆக்கப்போகிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. எந்த இடத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள், எந்த இடத்தில் எத்தனை பேர் ரோட்டைத் தாண்டுகிறார்கள் என்று முதலில் எண்ண வேண்டும். எண்ணிக் கொடுக்க ஒரு தனியார் கம்பெனி. கம்பெனியில் ஸ்ரீவத்சன் என்று ஒரு இளம் இன்ஜினியர். நேரம் பார்த்து எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவன் தேடியபோது யாரோ லாசரஸைக் காட்டினார்கள்.

நான்கு இடம், நான்கு ஆள், ஏழு நாள். பிற்பகல் மூன்றிலிருந்து ஏழு வரை. லாசரஸுக்குக் கிடைத்தது பம்ப் ஹவுஸ் இடம். பழைய பம்ப் ஹவுஸ் ஒன்று பூட்டிக் கிடக்கிறது, அதற்கு எதிரே ரோட்டு நடுச்சுவரில் ஒரு இடைவெளி. பூங்காவின் பின்வாசல் இந்தப் பக்கம். தாம்பரம் போகிற பஸ் நிற்பது அந்தப் பக்கம். தூங்குமூஞ்சி மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடைவெளி வழியாகத் தாண்டுகிற ஒவ்வொரு தலைக்கும் ஒரு கோடு போட வேண்டும். நாலு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே. கால் மணிக்கு ஒரு கட்டம்.

பக்கத்தில் அமலராணி வேகவைத்த சோளம் விற்பாள். கைவண்டி, ஒரு குடை, அவ்வளவுதான் அவள் கடை. வாய் மட்டும் ரோடு நீளம்.

"இன்னாண்ணா, தல எண்ற உத்தியோகமா? என்னையும் எண்ணிக்க. நான் ஒரு நாளைக்கு இருவது வாட்டி தாண்டறேன்."

"இருபது வாட்டியும் கோடு போட்டுட்டேன்மா."

"ஐய, அப்ப இருவது அமலராணியா கணக்குல?"

லாசரஸ் சிரித்துவிட்டார். திங்களிலிருந்து சனி வரை ஒரு கட்டம் விடாமல் எழுதினார். ஒண்ணுக்குப் போனால்கூட அந்தக் கட்டத்தில் 'இரண்டு நிமிஷம் இல்லை' என்று ஓரத்தில் குறித்தார். சனிக்கிழமை கூட்டம் நிறையத்தான். ஆனால் அன்றைக்கு வருகிறவர்கள் காரிலும் கம்பெனி வேனிலும் வருகிறவர்கள். உள்ளேயே வண்டியை நிறுத்தி, உள்ளேயிருந்தே ஏறிப் போய்விடுவார்கள். பம்ப் ஹவுஸ் எதிரே தாண்டினவர்கள் கட்டத்துக்கு ஏழு, ஒன்பது, ஐந்து என்றுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஸ்ரீவத்சனும், "நோ ப்ராப்ளம் சார், வேற ஆள் அனுப்பறேன்" என்றான். அந்த ஞாயிறு கோயிலில் ஆயர் பிரசங்கத்துக்கு நடுவே, நம் சபையில் ஒரு மூப்பர், கூலி வேலையாய் இருந்தும் ஓய்வுநாளில் கைநீட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்றார். பேர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லை, எல்லாத் தலையும் திரும்பிப் பார்த்தது. லாசரஸ் குனிந்துகொண்டார். உள்ளே இனித்தது.

திங்கட்கிழமை காலை ஸ்ரீவத்சன் வீட்டு வாசலில் நின்றான்.

"சார், அந்த ஆள் வரவே இல்ல. உங்க பாயிண்ட்ல சண்டே ஷீட் காலியா இருக்கு. பன்னெண்டு மணிக்குள்ள நான் அனுப்பியாகணும். இல்லன்னா நாலு பாயிண்ட்டும் திரும்ப ஒரு வாரம் எண்ணணும். என் வேலையே போயிடும் சார்."

"அதுக்கு நான் என்ன தம்பி பண்றது?"

"சாட்டர்டே மாதிரிதானே சார் இருக்கும்? அதுவும் லீவு, இதுவும் லீவு."

அவன் எழுது என்று சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தாளை மேஜை மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டான், அவ்வளவுதான். பேனாவை எடுத்தது லாசரஸ். சனிக்கிழமைத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஏழை எட்டு ஆக்கினார், ஒன்பதை ஏழு ஆக்கினார், பார்த்தெழுதினது போலத் தெரியக்கூடாது என்று ஒரு கட்டத்தில் பன்னிரண்டு கூடப் போட்டார். அந்த நாள்களில் டிரிப் தாளை இப்படி ஜோடித்து எழுதின கண்டக்டர் ஒருவனைப் பிடித்து மேலிடத்துக்கு எழுதிப் போட்டவர் அவர். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தாம்பரம் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது என்று மற்ற யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. வந்ததை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுதினார்.

எட்டு மாதத்தில் ரோடு மாறிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் செய்தார்கள். இரண்டு பக்கமும் பத்தடி நடைபாதை, வழுக்காத கல், உட்காரப் பெஞ்சு, இடுப்புயரத் தொட்டிகளில் செடி, சக்கர நாற்காலிக்குச் சரிவு. பூங்கா முன்வாசலில் சிக்னலோடு வெள்ளைக்கோட்டுப் பாதை. நடுச்சுவர் முழுக்க மார்பளவு இரும்புக் கம்பி. கூட்டம் குறைவு என்று எண்ணிக்கை சொன்ன இடைவெளிகளை மூடிவிட்டார்கள். பம்ப் ஹவுஸ் எதிரே இருந்ததும் அதில் ஒன்று.

பின்வாசலில் வெளியே வருகிறவன் எதிரே நிற்கிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் நானூறு மீட்டர் முன்வாசலுக்கு நடந்து, தாண்டி, நானூறு மீட்டர் திரும்பி வர வேண்டும். தண்ணீரில் ஆடிக் களைத்த பிள்ளைகள், ஈரத்துணி மூட்டை, பஸ்ஸோ அரைமணிக்கு ஒன்று. யார் சுற்றுவார்கள்?

லாசரஸ் ஒரு புதன்கிழமை அந்தப் பக்கம் போனபோது அமலராணி பிடித்துக்கொண்டாள். அவளுடைய வண்டியைப் புது நடைபாதையிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள். சாக்கடை மூடி மேல் நின்றாள்.

"யண்ணா, இன்னாண்ணா எண்ணுன நீ? ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்து பாரு. ஜனம் கொரங்கு மாரி கம்பி ஏறிக் குதிச்சிகினு கீது. போன வாரம் ஒரு பையனுக்குக் கால் போச்சு."

"முன்வாசல்ல வழி இருக்குல்லமா."

"வழி கீது. பஸ்சு நிக்குமா? நீ பஸ்சுல இருந்தவன்தானே, நீயே சொல்லு."

"ஞாயித்துக்கிழமை நான் வெளிய வர்றதில்லம்மா."

"கம்பி ஏறவனுக்கு அது தெரியாதுண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் சோளத்துக்கு உப்புத் தடவப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்ரீவத்சனுக்குப் போன் பண்ணலாமா என்று போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினார். மூன்று வாரம் போனது. நாலாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை ரமா செத்தாள்.

யார் இந்த ரமா என்றால், திருநீர்மலை மலையடிவாரத்தில் இருக்கிற பொன்னுசாமியின் பெண்சாதி. அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். இவள் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல். வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் அவளுக்கு லீவு. ஐந்து வயது மகள் ஒரு வருஷமாய்த் தண்ணீர்ப் பூங்கா, தண்ணீர்ப் பூங்கா என்று அழுதாளாம். கூட்டிப் போனார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குப் பின்வாசலில் வந்தார்கள். பொன்னுசாமி முதலில் கம்பியைத் தாண்டி, பிள்ளையை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். ரமா ஏறினாள். புடவைக் கரை கம்பி முனையில் மாட்டியது. இழுத்தாள், கிழித்துக்கொண்டு இறங்கினாள், இறங்கின வேகத்தில் நாலெட்டு ஓடினாள். வேன் வந்துவிட்டது.

அமலராணிதான் திங்கட்கிழமை போன் பண்ணிச் சொன்னாள். கேலி இல்லாத அவள் குரலை லாசரஸ் அன்றைக்குத்தான் கேட்டார். "அண்ணா, ஈரத்துணிப் பை அப்டியே ரோட்டுல கெடந்துச்சு. நான்தான் எடுத்து வச்சிகினு கீறேன். யாரும் வந்து கேக்கல."

டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தார். லாசரஸ் போய் எதிரே உட்கார்ந்து, ஒன்றும் மறைக்காமல் சொன்னார். தாள், சனிக்கிழமை, ஏழை எட்டாக்கினது, ஆயர் புகழ்ந்தது, எல்லாம். டீச்சர் கடைசித் துண்டு வரை மடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"அந்தத் தாளை என்னைக்கு எழுதினீங்க?"

"திங்கட்கிழமை."

"அப்ப ஞாயித்துக்கிழமையக் காப்பாத்திட்டீங்க. திங்கட்கிழமைய யாருக்கு வித்தீங்க?"

"ஜோதி..."

"என்கிட்ட அழாதீங்க. போய்ச் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க."

ஸ்ரீவத்சனைப் பார்க்கப் போனார். சொன்னதைக் கேட்டதும் அவன் எழுந்தான். கதவைச் சாத்தினான்.

"சார், ரிப்போர்ட்ல என் சைன் இருக்கு. இப்ப போய் டேட்டா பொய்னு சொன்னா நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க, நான் எங்க போறது? ஆனா ஒண்ணு பண்ணலாம். ஒரு சண்டே நீங்களே உக்காந்து நிஜமா எண்ணிக் குடுங்க. புது கவுண்ட்டுன்னு மேல கொண்டு போறேன். வழி திறக்க வச்சிடலாம்."

"ஞாயித்துக்கிழமையா?"

"சண்டே நடக்கறத சண்டேதான் சார் எண்ண முடியும்."

அந்த ஞாயிறு லாசரஸ் காலை ஆராதனைக்குப் போனார். நற்கருணை எடுக்கவில்லை. எல்லாரும் பலிபீடத்தண்டை போக, அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். பின்பெஞ்சு எபி, அவன் இவருக்கு ஒன்றுவிட்ட தங்கை பேரன், "என்ன தாத்தா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். "ஆமாப்பா" என்றார். இரண்டே முக்காலுக்குத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நாற்காலி போட்டார்.

"இன்னாண்ணா, கர்த்தரு லீவு குடுத்துட்டாரா?" என்றாள் அமலராணி.

"இல்லமா. நானா எடுத்துக்கிட்டேன்."

மூன்றரை வரை பெரிதாக ஒன்றும் இல்லை. நாலரைக்கு ஆரம்பித்தது. பின்வாசல் திறந்ததும் ஜனம் அணை உடைத்தது போல வந்தது. ஆணெல்லாம் முதலில் ஏறிக் குதித்து அந்தப் பக்கம் நின்று கை நீட்ட, பிள்ளைகள் கைமாறிப் போயின. பிறகு பைகள். பிறகு பெண்கள், புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, வெட்கத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு. வண்டிகள் ஹாரன் அடித்தபடி போயின. லாசரஸ் கோடு போட்டார். நாலு கோடு, குறுக்கே ஒன்று. நாலு கோடு, குறுக்கே ஒன்று. சனிக்கிழமை ஏழு இருந்த கட்டத்தில் அறுபத்துமூன்று. கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதினார்.

"இன்னா சார் எழுதிகினு கீற? ஃபைன் போடுவியா?" என்று ஒருவன் கேட்டான்.

"இல்லப்பா. வழி கேட்டு எழுதறேன்."

"எழுது எழுது. என் பேரனாவது எறங்கி நடக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே போய்க் கம்பியில் கால் வைத்தான். அவனுக்குப் பின்னால் வந்தவன் கையில் ஒரு கைக்குழந்தை. ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டும். சுற்றும் முற்றும் பார்த்தான். "பெருசு, கொஞ்சம் புடி" என்று லாசரஸ் மடியில் குழந்தையை வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறினான். அந்தப் பக்கம் இறங்கி, "குடு, குடு, பஸ்சு வந்துகினு கீது" என்று கை நீட்டினான். லாசரஸ் எழுந்து நடுச்சுவர் வரை போய், கம்பிக்கு மேல் குழந்தையைத் தூக்கிக் கொடுத்தார். குழந்தை தலை ஈரமாக இருந்தது. அவன் வாங்கிக்கொண்டு ஓடினான். பஸ் போய், தூசி அடங்கும் வரை லாசரஸ் நின்றுகொண்டே இருந்தார். பிறகு மரத்தடிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து இரண்டு கோடு போட்டார், அவனுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று.

ஏழு மணிக்குக் கூட்டிப் பார்த்தார். தொள்ளாயிரத்துப் பதினான்கு. தாளை ஸ்ரீவத்சனிடம் கொடுத்தபோது அவன் இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தான்.

மூன்று வாரம் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது. குரலில் சந்தோஷம்.

"சார், உங்க கவுண்ட் ரொம்ப யூஸ் ஆச்சு. தொள்ளாயிரம் பேர் ஜம்ப் பண்றாங்கன்னு காட்டினதும் உடனே ஆர்டர் ஆயிடுச்சு."

"வழி திறக்கறாங்களா?"

"கம்பிய ஏழடி ஆக்கறாங்க சார். இனிமே எவனும் ஏற முடியாது."

 "தம்பி, நான் வழிதானே கேட்டேன்."

"வழி குடுக்க அந்த இடத்துல தேவை இருக்கணும் சார். ரிப்போர்ட்ல சண்டே ஏழு எட்டுன்னுதானே இருக்கு. இந்தத் தாள நான் விதி மீறல்னுதான் குடுக்க முடிஞ்சுது. தாண்டறவங்கன்னு குடுத்தா பழைய தாள் எங்க போச்சுன்னு கேப்பாங்க."

பழைய தாள் எங்கேயும் போகவில்லை. அது கோப்புக்குள் பத்திரமாக உட்கார்ந்து, புதுத் தாளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது.

மறுநாள் லாசரஸ் முழுவதையும் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு, திட்ட ஆபீசுக்கே போனார். தன் பெயரை மட்டும் எழுதினார். ஸ்ரீவத்சன் பெயரை எழுதவில்லை. காலை பத்துக்குப் போனவரை மூன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி நல்ல மனிதர், நாற்காலி காட்டினார், டீ சொன்னார், காகிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து மேஜை மேல் தள்ளினார்.

"ஐயா, இதை நான் வாங்கினா நம்பர் போடணும். நம்பர் போட்டா யாராவது பதில் சொல்லணும். கம்பி வேலை ஆரம்பிச்சாச்சு. வயசான காலத்துல நீங்க எதுக்கு அலையறீங்க? வச்சுக்குங்க."

"ஒரு உசிரு போயிருக்குங்க."

"அந்தம்மா கம்பி தாண்டினாங்க ஐயா. ஸ்டேஷன்லயும் அப்படித்தான் எழுதியிருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க?"

டீ ஆறிப்போனது. காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் பொய்யை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது, உண்மையை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஆயரிடம் சொன்னார். ஆயர் தோளில் கை வைத்து, ஆண்டவர் மன்னிப்பார் என்றார். அடுத்த ஞாயிறு கம்பி ஏழடி ஆகியிருந்தது. ஜனம் கம்பி முடிகிற வளைவு வரை போய் அங்கே தாண்டியது. வளைவில் வருகிற வண்டி கண்ணுக்கே தெரியாது. லாசரஸ் அங்கே போய் நின்று, "அம்மா, முன்வாசல்ல சுத்திப் போங்கம்மா" என்று கத்தினார். "நீ சுத்து தாத்தா, எங்களுக்கு பஸ் போயிடும்" என்று ஒரு பெண் சொன்னாள். ஒருவரும் நிற்கவில்லை.

இனிச் சொல்ல வேண்டிய இடம் ஒன்றுதான் பாக்கி. அதற்குத்தான் அவர் கால் இத்தனை நாள் வரவில்லை. அமலராணியிடம் இருந்த பையை வாங்கினார். அவள் துணிகளை அலசிக் காயவைத்து மடித்து வைத்திருந்தாள். ஒரு வியாழக்கிழமை காலை, பஸ் பிடித்துத் திருநீர்மலை போனார்.

வரிசை வீட்டில் நாலாவது. பொன்னுசாமி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். உள்ளே ஒரு கிழவி சிறுமிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவன் அம்மா.

"யாரு சார்? இன்ஷூரன்சா?"

லாசரஸ் பையை நீட்டினார். மேலே இருந்த குழந்தைப் பாவாடையைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. வாங்கிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டான். லாசரஸ் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். எண்ணிக்கை, கட்டம், சனிக்கிழமை என்றெல்லாம் சொன்னார். அவன் இடையிலேயே கை காட்டி நிறுத்தினான்.

"இரு சார். மொதல்ல அங்க வழி இருந்துச்சு. அத மூடினது நீ எழுதின தாளால. அதானே?"

"ஆமாப்பா."

"நீ அன்னிக்கு அங்க வந்து எண்ணல."

"எண்ணல."

"எண்ணியிருந்தா வழி இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

அவன் அடிப்பான் என்று லாசரஸ் நினைத்தார். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. பொன்னுசாமி கையில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பிறகு, உள்ளே கேட்காதபடி தாழ்ந்த குரலில் பேசினான்.

"நான்தான் சார் வா வான்னு கூப்ட்டேன். பஸ்சு மூவ் ஆகுது, சீக்கிரம் வாடின்னு கத்துனேன். அவ பொடவ மாட்டிக்கினு நிக்கறா, நான் கத்தினு கீறேன். இங்க வந்தா எங்கம்மா இன்னா சொல்லுது தெரியுமா? அவளுக்கு எப்பவும் அவசரம், புள்ளைய விட்டுட்டு கம்பி தாண்டிச் செத்தான்னு. போலீசும் அதான் எழுதிச்சு. தெருவுல அதான் பேசறான். எம்பொண்ணு நேத்து கேக்குது, அம்மா தப்பு பண்ணிச்சாப்பான்னு."

பொன்னுசாமி பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஒரு பேப்பர்ல எழுதிக் குடு சார். அவ மேல தப்பில்லன்னு. எம்மேல இருந்தா பரவால்ல. அவ மேல இல்லன்னு எழுது."

ஆபீசில் திருப்பிக் கொடுத்த காகிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. அதைக் கொடுக்கவில்லை. அதில் முழுக்க அவரைப் பற்றித்தான் இருந்தது. சிறுமியின் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தான் பொன்னுசாமி. லாசரஸ் முழங்கால் மேல் வைத்து எழுதினார்.  எழுதி முடித்து நீட்டினார்.

"நீயே படி சார். சத்தமாப் படி."

லாசரஸ் படித்தார். "பார்க் ரோட்டில் பம்ப் ஹவுஸ் எதிரே ஜனங்கள் தாண்டுவதற்கு வழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் அதில் போகிறார்கள் என்று பார்க்காமலே நான் பொய்யாக எழுதிக் கொடுத்ததால் அந்த வழி மூடப்பட்டது. ரமா தாண்டியது வழி இருந்த இடத்தில். அவள் மேல் தப்பு இல்லை. அவளைக் கூப்பிட்டவர் மேலும் தப்பு இல்லை. தப்பு என்னுடையது. ஆ. லாசரஸ், செம்பாக்கம்."

உள்ளே சீப்பு ஓடும் சத்தம் நின்றிருந்தது.

"இன்னொரு வாட்டி படி" என்றான் பொன்னுசாமி.

இரண்டாம் முறை படித்தபோது கிழவி வாசற்படிக்கு வந்துவிட்டாள். பாதி பின்னின சடையோடு சிறுமி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழவி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் சிறுமி போட்ட கூட்டல் கணக்கு இருந்தது.

"இந்தாளு யாருடா?" என்று மகனைக் கேட்டாள்.

"ரோட்ட அடச்சவரு" என்றான் பொன்னுசாமி.

லாசரஸ் இல்லை என்று சொல்லவில்லை. ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.